காலிப் படகின் உயரம்

டெய்லர் தன் தொழிலில் ஒரே ஒரு கொள்கை வைத்திருந்தார். வெறும் வயிற்றோடு வருகிறவனுக்கு அளவெடுக்கவே மாட்டார். "போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்று கடை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். பசியில் எடுத்த அளவுக்குத் தைத்த கால்சட்டை, விருந்தன்று நாலு பேர் நடுவில் மானத்தை வாங்கும் என்பது அவர் கண்ட உண்மை. முப்பது வருடத்தில் அவர் தைத்த இடுப்பு ஒன்றுகூட இறுகியதில்லை. அந்தக் கொள்கையே ஒருநாள் பதினோரு நோயாளிகளையும் கட்டின மனைவியையும் ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் சிறைவைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மனைவியின் தொழில் படகு. ஏரிக்கு இந்தக் கரையில் வீடுகள்; எதிர்க்கரையில் டவுன். டவுனுக்குள் நுழையும் வாய்க்காலில் ஒரு பழைய கல் பாலம், அதைத் தாண்டி ஐம்பது அடியில் ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டு. ஏரியைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் போனால் ஒன்றரை மணி நேரம், குடல் வாய்க்கு வந்துவிடும். படகில் இருபது நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நோயாளிகளைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது அவள் வேலை. ஊரார் அவளை முதலில் கேலியாகத்தான் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் ஒருநாள் கூடத் தவறாமல் ஓட்டிக் காட்டிய பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இப்போது வீட்டில் டெய்லரே "கேப்டன், உப்பு எங்க வெச்ச?" என்றுதான் கேட்பார்.

டெய்லர் யாரையும் லேசில் புகழ்கிற ஆள் இல்லை. மனைவியை நேருக்கு நேர் புகழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் டவுனில் நூல்கண்டு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இடம் இருக்கிற நடையாகப் பார்த்து அடிக்கடி அவள் படகில் ஒட்டிக்கொள்வார். அவர் கடையில் இருக்கும் நூல்கண்டுகளைக் கொண்டு இந்த ஊரையே இரண்டு சுற்றுக் கட்டலாம். உண்மையில் அவர் பார்க்கப் போவது ஒரே ஒரு காட்சியைத்தான். படிக்கட்டுக்கு முப்பது அடி இருக்கும்போதே அவள் எஞ்சினை நிறுத்திவிடுவாள். அதற்கப்புறம் படகு தானாக வரும். வந்து, படிக்கட்டை இடிக்காமல், உரசாமல், சொன்ன இடத்தில் நிற்கும். ஊசி குத்திக் குத்தி ஓய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு ஒரு குலுக்கல் தெரியாது. ஒவ்வொரு தடவையும் டெய்லருக்கு மார்பு விரியும். அதை மறைக்க இருமுவார்.

எல்லாம் சரி. படகில் எட்டு இருக்கைதான். அதுதான் தொல்லை.

ஆரம்பத்தில் ஆறு நோயாளிகள் இருந்தார்கள். பிறகு எட்டானார்கள். இந்த வருடம் பதினொன்று. எட்டென்றால் எட்டுதான், ஒன்பதாவதாகப் பச்சைக் குழந்தையைக்கூட ஏற்ற மாட்டாள். படகுகளைச் சோதிக்க வந்த அதிகாரியே ஒருமுறை "நான் ஓரமா நின்னுக்கறேன்" என்று கேட்டு, கரையிலேயே நிறுத்தப்பட்டவர். ஆக, போகிற நாளெல்லாம் மூன்று பேர் இரண்டாம் நடைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிந்திப் போனால் மெஷினும் பிந்திக் கிடைக்கும், வீடு திரும்புவதும் பிந்தும்.

முறை வைத்துக் காத்திருப்பது என்றுதான் ஏற்பாடு. ஆனால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அந்த ஏற்பாட்டையே குலைத்துவிட்டார். தன் முறையோ அடுத்தவர் முறையோ, "நீங்க ஏறுங்க, நான் அப்புறம் வர்றேன்" என்று ஒதுங்கிவிடுவார். கேட்டால் பேப்பர் படித்து முடிக்கவில்லை என்பார். இல்லாவிட்டால், காலை வெயில் உடம்புக்கு நல்லது என்பார். நாற்பது வருடம் ஊரார் கடிதத்தையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்குப் போன மனிதர். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. எந்த மெஷினாலும் அதைச் சுத்திகரிக்க முடியவில்லை.

"கரையில நின்னு தலையை எண்றேன் பாருங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேப்டன் சொன்னாள். "யாரை விட்டுட்டுப் போறதுன்னு. அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் எனக்கு இந்தத் தொழில்ல பிடிக்காத நிமிஷம்."

அதைச் சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். டெய்லர் அன்றைக்கே எதிர்க்கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கமே ஏரியோரமாக இருந்த படகு வியாபாரியைப் போய்ப் பார்த்தார்.

வியாபாரியிடம் ஒரு படகு இருந்தது. பழையதுதான், ஆனால் நல்ல உடம்பு. இருபது இருக்கை, உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின், வெயிலுக்கும் மழைக்கும் இரும்புக் கூரை. சின்னப் படகைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். செய்தி பரவியதும் புத்திமதி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அகலக்கால் வைக்காதே என்றது ஒரு வாய். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றது இன்னொரு வாய். கேப்டனுக்குமே மனம் இரண்டாகத்தான் இருந்தது. சின்னப் படகு அவளுக்குக் கால் செருப்பு மாதிரி. குனிந்து பார்க்காமலே மாட்டிக்கொள்வாள். பெரிய படகு அந்தக் குறுகிய வாய்க்காலில் திரும்புமா, படிக்கட்டில் சொன்னபடி நிற்குமா, ஊசி குத்தின கைகளைக் குலுக்காமல் இறக்கிவிடுமா என்று யோசித்தாள்.

"ஒரு நாள் ஓட்டிப் பாருங்கம்மா. நாளன்னைக்கு சாயங்காலம் முடிவு சொல்லிடுங்க, இன்னொரு ஆளும் கேட்டுட்டு இருக்காரு" என்றார் வியாபாரி.

"பாலத்துக்கு அடியில கூரை நுழையுமா?" என்று அவள் கேட்டாள்.

"அதை என்கிட்ட விடு" என்றார் டெய்லர். அளவு என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் வழிவிட மாட்டார்.

அவர் அளவெடுத்த கதை தனிக்கதை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வியாபாரியின் இடத்துக்குப் போனார். காலிப் படகைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "வெறும் வயித்துல அளவெடுக்கற பழக்கம் நமக்குக் கிடையாது" என்று சொல்லி, அங்கே வேலைபார்த்த பதினைந்து பேரைப் படகில் உட்காரவைத்தார். அதற்கப்புறம்தான் தண்ணீரிலிருந்து கூரையின் உச்சிவரை அளந்தார். பிறகு பாலத்துக்கு வந்து தண்ணீரிலிருந்து கல் வளைவுவரை அளந்தார். வாய்க்கால் தண்ணீர் மதகுக்குக் கட்டுப்பட்டது. வருடம் முழுக்க ஒரே மட்டம். கணக்குப் பார்த்தால் ஒரு விரல் இடைவெளி மிச்சம்.

"சரியா எடுத்தீங்களா?" என்றாள் கேப்டன், எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

"நான் எடுத்த அளவு என்னைக்குத் தப்பியிருக்கு?"

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. கரையில் பதினோரு பேரும் நின்றார்கள். தபால்காரர் வழக்கம்போலப் பேப்பரை விரித்துக்கொண்டு கல்லில் உட்காரப் போனார்.

"ஐயா, இன்னைக்கு அப்புறம் எல்லாம் கிடையாது. ஒரே நடை. ஏறுங்க."

"இடம் இருக்காம்மா?"

"உங்களுக்குப் போக இன்னும் மிச்சம் இருக்கு."

அவர் தயங்கித் தயங்கி ஏறிக் கடைசி இருக்கையில் நுனியில் உட்கார்ந்தார், யாராவது வந்தால் எழுந்துவிட வசதியாக. வியாபாரியும் ஏறினார். ஆனைக்குட்டி மாதிரி ஆள். அவர் காலை வைத்ததும் படகு ஒரு பெருமூச்சு விட்டது. அவருடைய மெக்கானிக் ஒரு பெரிய இரும்புப் பெட்டியோடு ஏறினார். டெய்லர் டேப்போடு முன்னால் நின்றுகொண்டார். கேப்டன் அன்றைக்கு யாரையும் எண்ணவில்லை. அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்ததற்கே இந்தப் படகை வாங்கலாம் என்று டெய்லருக்குத் தோன்றியது.

ஏரி நடுவில் அவள் படகோடு பேசிப் பழகினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, கொஞ்சம் வேகம், பிறகு விட்டுப் பார்ப்பது. எஞ்சினை நிறுத்தின பிறகும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மூன்று தடவை சோதித்தாள். மெக்கானிக் ஏதோ சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தார். நாலாவது தடவை படகு அவள் நினைத்த இடத்தில் நின்றதும் வாயை மூடிக்கொண்டார்.

பாலம் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை கல்லுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. இடையில் ஒரு விரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோயாளிகள் கைதட்டினார்கள். டெய்லர் டேப்பைத் துண்டு மாதிரி தோளில் உதறிப் போட்டுக்கொண்டார். கேப்டன் மட்டும் கைதட்டவில்லை. மேலே பார்த்தாள். பிறகு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த வியாபாரியின் உடம்பைப் பார்த்தாள்.

படிக்கட்டில் அவள் நிறுத்தியதைச் சொல்லாமல் விட முடியாது. அவ்வளவு கனமான படகு எஞ்சினை நிறுத்தினதும் நிற்காது. அவள் ஐம்பது அடிக்கு முன்பே, பாலத்தைத் தாண்டினதுமே நிறுத்தினாள். மூக்கைக் கொஞ்சம் அகலத் திருப்பினாள். பின்னோக்கி ஒரே ஒரு மூச்சு எஞ்சினைப் போட்டாள். படகு பக்கவாட்டில் நகர்ந்து வந்து, கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாகப் படிக்கட்டோடு சேர்ந்தது. ஒருவர் மடியில் வைத்திருந்த திறந்த தண்ணீர் பாட்டில்கூடத் தளும்பவில்லை.

"இருபது வருஷமா படகு விக்கிறேன்" என்றார் வியாபாரி. சொல்லிவிட்டு அந்தப் பாட்டிலையே பார்த்தார். டெய்லருக்குப் பலமாக இருமல் வந்தது.

நாலு மணி நேர டயாலிசிஸ். நடுவில் வியாபாரிக்கு ஒரு போன் வந்தது. அவசரமாம். ஒரு கார் வரவழைத்து, மெக்கானிக்கையும் பெட்டியையும் தூக்கி அதில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் பேசுங்க" என்று கிளம்பிவிட்டார். கேப்டன் அப்போது ஆஸ்பத்திரிக்குள்ளே இருந்தாள். டெய்லர்தான் சிரித்த முகமாக டாட்டா காட்டி வழியனுப்பினார்.

மதியம் நோயாளிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், களைத்துப் போய், ஆனால் வழக்கமான கேலியோடு. "எனக்கு ரெண்டரை கிலோ தண்ணி எடுத்தாங்க." "எனக்கு மூணு. பெருமை பேசாதீங்க." எல்லோரும் ஏறினார்கள். தபால்காரரும் ஏறினார். வியாபாரி போய்விட்டார் என்று தெரிந்ததும் கேப்டன் திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். பிறகு படகை ஊர்ந்துபோகும் வேகத்தில் கிளப்பினாள். பாலத்துக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்திவிட்டாள்.

"கல்லைப் பிடிச்சுக்கிட்டு பாருங்க" என்றாள்.

டெய்லர் பார்த்தார். பேயறைந்தவர் மாதிரி நின்றார். கூரையின் உச்சி கல் வளைவைவிட ஒரு விரல் உயரமாக இருந்தது. டேப்பை எடுத்துத் தண்ணீரிலிருந்து கல்வரை அளந்தார். அதே அளவு. கூரையை அளந்தார்.

"கேப்டன், படகு வளர்ந்திருக்கு!"

"வளரலைங்க. பசிச்சிருக்கு."

அவருக்கு விளங்கவில்லை.

"மனுஷன் சாப்பிட்டா இடுப்பு பெருக்கும். படகு சாப்பிட்டா தண்ணிக்குள்ள தாழும். காலி வயித்துலதான் அது உசரம். அந்த ரெண்டு பேரும் பெட்டியும் இறங்கியாச்சு. டீசல் குறைஞ்சிருக்கு. இவங்க ஆளுக்கு ரெண்டு மூணு கிலோ தண்ணியை மெஷின்லேயே விட்டுட்டு வந்திருக்காங்க."

முப்பது வருடக் கொள்கை டெய்லரின் தலையில் இடியாக விழுந்தது. தண்ணீருக்குள் குதித்துவிடலாமா என்றிருந்தது அவருக்கு. பதினோரு களைத்த முகங்களும் அவரைத்தான் பார்த்தன. அப்போது கேப்டன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "காலையில வரும்போதே நான் பார்த்துட்டேன். திரும்பறப்ப அவங்களும் கூட இருப்பாங்கன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன். அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கணும். தப்பு என்னோடது."

இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நான் என்ன செய்தேன் என்று டெய்லர் நினைத்தார். இருமல்கூட வரவில்லை.

படகு மெதுவாகப் படிக்கட்டுக்குத் திரும்பியது. தபால்காரர் முதல் ஆளாக எழுந்து, யாரும் தடுப்பதற்குள் கரையில் இறங்கிவிட்டார். "என்னால ஆனது, ஒரு ஆள் பாரம் குறையட்டும்" என்றார். நல்ல மனசுதான், கணக்குத்தான் தலைகீழ்.

"தண்ணியை மொண்டு உள்ள ஊத்துவோமா?" என்று டெய்லர் கேட்டார்.

"வேண்டாங்க. தண்ணி சொன்ன இடத்துல நிக்காது, இப்படியும் அப்படியும் ஓடிப் படகையே சாய்ச்சிரும். மனுஷங்கன்னா உக்காருன்னா உக்காருவாங்க." அவள் படிக்கட்டில் ஏறிப் போய்க் குரல் கொடுத்தாள். "யாராவது நாலு பேர் வர்றீங்களா? பாலத்தைத் தாண்டினதும் இறக்கி விட்டுடறேன்."

கேப்டன் கேட்டால் மறுப்பு ஏது? வேலை முடிந்து கிளம்பிய நர்ஸ், "நான் வர்றேன்க்கா" என்று கைப்பையோடு ஏறினாள். சாப்பாட்டு நேரத்திலிருந்த வாட்ச்மேன் வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். துப்புரவு வேலை செய்யும் அம்மா, "என் கனத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாதை" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். கேப்டன் ஒவ்வொருவரையும் இடம் மாற்றி மாற்றி உட்காரவைத்தாள். கூரையின் உச்சி முன்பக்கம் இருந்ததால் கனமானவர்கள் முன்னால், இலேசானவர்கள் பின்னால். துணி வெட்டும்போது டெய்லர் கத்தரிக்கோலைப் பிடிக்கிற நிதானம் அவள் விரலில் இருந்தது. இவ்வளவு நாளும் கூடவே வாழ்ந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று அவர் வெட்கப்பட்டார்.

படகு மறுபடி பாலத்தடிக்கு வந்தது. எஞ்சின் ஓடினால் மூக்குத் தூக்கும் என்று அதையும் நிறுத்தினாள். டெய்லர் கல்லுக்கும் கூரைக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார். இரண்டும் சரியாக முட்டிக்கொண்டு நின்றன.

"இன்னும் ஒரு நூல் தாழணும்" என்றார், இந்தத் தடவை நூறு தடவை பார்த்த பிறகு.

எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். கரையோரமாகவே நடந்து வந்திருந்த தபால்காரர் பாலத்தருகில் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஊதினால் பறந்துவிடுவார், அந்த உடம்பிலிருந்தும் அன்றைக்கு இரண்டு கிலோ போயிருந்தது. படகில் நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"நீங்க போங்கம்மா. நான் அப்புறம் வர்றேன்."

கேப்டன் படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பினாள். அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்திக் கையை நீட்டினாள்.

"ஐயா, நீங்க ஏறினாத்தான் படகு போகும்."

"நான் ஒருத்தன் ஏறி என்னம்மா ஆகப்போகுது?"

"எல்லாரும் ஏறியாச்சு. பார்த்தீங்கல்ல, நகரலை. உங்களுக்காகத்தான் நிக்குது."

தபால்காரர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நர்ஸ் நகர்ந்து முன்னிருக்கையில் இடம் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் நுனியில் உட்காரவில்லை. முழு இருக்கையில், முதுகு சாய்த்து உட்கார்ந்தார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். படகு அந்தத் துரும்புக்குத் தலை வணங்கிற்று. டெய்லர் பார்த்தார், கல்லுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு நூல் வெளிச்சம்.

அவரும் வாட்ச்மேனும் பாலத்தின் பக்கச் சுவரைக் கையால் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்தினார்கள். யாரும் அசையவில்லை. கேப்டன் சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். கூரை கல்லைத் தொடாமல் முழுதாக வெளியே வந்ததும் பதினேழு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். டெய்லரின் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவுமில்லை. நாலு பேரும் அந்தப் பக்கத்துப் படியில் இறங்கி, ஏதோ ஊர்வலம் முடிந்து போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

வீட்டுக் கரையில் சின்னப் படகு கட்டிக்கிடந்தது. அதன் பக்கத்திலேயே பெரிய படகை நிறுத்திவிட்டு, நோயாளிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"படகை நான் எடுத்துக்கறேன். ஆனா இந்த இரும்புக் கூரை வேண்டாம். கழட்டிடுங்க."

"வெயிலுக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"மடக்கி இறக்கற மாதிரி துணிக் கூரை போட்டுக்கறோம். வீட்டுல டெய்லர் இருக்காரு."

"அப்ப அந்தச் சின்னப் படகு?"

அவள் சின்னப் படகைப் பார்த்தாள். "நாளைக்கு நானே ஓட்டிட்டு வந்து விடறேன்" என்றாள். அவளுக்கு அது வலித்தது என்று டெய்லருக்குத் தெரிந்தது.

அவர் டேப்பைப் பிரித்துக்கொண்டு கூரைக் கம்பியருகில் போனார்.

"இருங்க" என்றாள் கேப்டன். "எல்லாரும் இறங்கட்டும். வெறும் வயித்துல எடுங்க."

அவர் அசடு வழியத் தலையாட்டிக் காத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். தபால்காரர் மட்டும் முன்னிருக்கையில் அப்படியே இருந்தார்.

"ஐயா, உங்களுக்குக் கை கொடுக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்மா" என்றார் அவர். "ரொம்ப நல்லா இருக்கு."

டெய்லர் கேப்டனைப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவருக்குப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"அளவுதானே" என்றார். "அப்புறம் எடுத்துக்கலாம்."